வளாகத்துக்குள் தேர்தல் பிரச்சாரம்: விதிகள் எப்படி இருக்க வேண்டும்?

வாகைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு, வளாகத்தில் அரசியல் பிரச்சாரத்துக்கான நடைமுறை விதிகளை எழுத ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நானும் அதில் ஓர் உறுப்பினர். எங்கள் கைக்கு வந்த வரைவின் முதல் வரி இது: "வளாகத்தினுள் எவ்வகை அரசியல் நடவடிக்கையும் அனுமதிக்கப்படாது." அதற்குக் கீழே வருபவை எல்லாம் தண்டனைப் பிரிவுகள். இந்த முதல் வரிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். மாற்று வரைவு கொண்டுவாருங்கள் என்றார்கள். அதற்காகத்தான் இந்த இழை.

1988-இல் நிறைவேறிய 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கியது. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வாக்காளர்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், லயோலா, ராணி மேரி கல்லூரி எல்லாம் வாக்கு எண்ணும் மையங்களாக இருந்திருக்கின்றன. வாக்கு இயந்திரம் வளாகத்துக்குள் வரலாம், காவல் வரலாம், வேட்பாளரின் முகவர்கள் வரலாம். யாருக்கு, ஏன் வாக்களிப்பது என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது என்றால் அதை எந்த முகத்தோடு மாணவர்களிடம் சொல்வது?

என் நிலைப்பாடு: விதிகள் இடம், நேரம், ஒலி, பணம், சுவர் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தட்டும். கருத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். விண்ணப்பத்தில் கட்சியின் பெயரை மறைத்துவிட்டு ஓர் எழுத்தரிடம் கொடுத்தால், அவர் விதியை மட்டும் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்ல முடிய வேண்டும். பெயரைப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்றால் அது விதியே இல்லை.

வெளியாட்கள், சுவர்கள், ஆசிரியர்கள் ஆகிய மூன்று இடங்களில் எனக்குத் தெளிவு வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

மேலக்காவேரி

ஐயா, நான் ஒரு தகப்பனாக எழுதுகிறேன். என் மகள்தான் எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறியவள். அவள் படிப்பதற்காகத்தான் நாங்கள் வெளியூர் விடுதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். கொடி பிடிப்பதற்காக இல்லை.

2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் சுவரில் யார் எழுதுவது என்ற தகராறு ஒரு மாணவனின் கொலையில் முடிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை. அந்தச் செய்தியைப் படித்த எந்தப் பெற்றோருக்கும் 'கருத்துரிமை' என்ற பேச்சு காதில் ஏறாது. உங்கள் விதியால் ஒரு பிள்ளைக்கு அடி விழுந்தால் அந்தக் குழுவில் இருக்கும் யார் வந்து எங்கள் வாசலில் நிற்பீர்கள்? முழுத் தடை கடுமையானதுதான். ஆனால் அது தெளிவானது.

சட்டப்புள்ளி

வழக்கறிஞராக இருக்கிறேன். முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பேசப்படுகின்றன: மாணவர் பேரவைத் தேர்தலுக்காக மாணவர்கள் செய்யும் பிரச்சாரம், பொதுத் தேர்தலுக்காகக் கட்சிகள் வளாகத்தில் செய்ய விரும்பும் பிரச்சாரம். இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது.

முதலாவதற்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. வேட்பாளர் ஒருவருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய். கட்சிகளிடமிருந்து பணம் வாங்கக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் எழுதியவை மட்டும், அதுவும் முன்கூட்டியே அறிவித்த இடங்களில் மட்டும். ஒலிபெருக்கியும் வாகனமும் கூடாது. வேட்புமனுவிலிருந்து முடிவு அறிவிப்பு வரை எல்லாம் 10 நாட்களுக்குள் முடிய வேண்டும். மாணவர் பட்டியலில் இல்லாத எவரும் தேர்தலில் எந்த வகையிலும் பங்கேற்கக் கூடாது. முடிவு வந்து இரண்டு வாரங்களுக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும்.

மேலக்காவேரி ஐயா கவனிக்க வேண்டும்: பிரச்சாரத்தையே நிறுத்த வேண்டும் என்று அந்தக் குழு சொல்லவில்லை. மாணவர் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்ற நிலையிலிருந்துதான் இத்தனை கட்டுப்பாடுகளையும் எழுதினார்கள்.

இரண்டாவதில், பள்ளி, கல்லூரி மைதானங்களைக் கூட்டத்துக்குக் கொடுப்பது பற்றித் தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்கள் இருக்கின்றன. பாட அட்டவணை கெடக் கூடாது, நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இருக்கக் கூடாது, அதிகாரியின் முன்னனுமதி வேண்டும், முதலில் கேட்டவருக்கு முதலில், எந்த ஒரு கட்சியும் மைதானத்தைத் தனதாக்கிக்கொள்ளக் கூடாது. வாகைநிழல் சொல்லும் எழுத்தர் சோதனையில் இவற்றில் பெரும்பாலானவை தேறும். 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒன்று மட்டும் தேறாது. எல்லாப் பாரபட்சமும் அந்த வாசல் வழியாகத்தான் நுழையும்.

ஒலி பற்றி உங்கள் குழு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி இருக்கிறது. அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாயிலுக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டிய வேனுக்கும் அது பொருந்தும்.

ஆறாம் செமஸ்டர்

மாணவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

முழுத் தடை தெளிவானது என்று மேலக்காவேரி ஐயா சொல்கிறார். எங்கள் கல்லூரியில் அந்த முழுத் தடை இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மாதிரி விவாதம் ஒன்று நடத்த அனுமதி கேட்டோம்: நான்கு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளில் கல்விக்கு என்ன இருக்கிறது என்று மாணவர்களே பேசுவது. கட்சிக்காரர் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டால் 'மேலே இருக்கிறது' என்றார்கள். தேதி கடந்துவிட்டது.

அதே பருவத்தில் ஒரு பிரமுகர் கலந்துகொண்ட விழாவுக்கு வகுப்புகளை ரத்து செய்து எங்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாற்காலிகள் நிரம்ப வேண்டும். வருகைப் பதிவேட்டை அங்கேயே கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார்கள். மேடையில் பேசியது முழுக்க அரசியல். அது 'நிகழ்ச்சி'. நாங்கள் கேட்டது 'அரசியல் நடவடிக்கை'.

தடை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது கீழே இருப்பவர்கள் மேல் மட்டும்தான் விழுகிறது.

நெய்தல்

எழுபதுகளின் இறுதியில் கல்லூரிப் பேரவையில் செயலராக இருந்தவள். தம்பி எழுதியதைப் படித்து நெஞ்சு எரிகிறது.

தமிழ்நாட்டு வளாகங்களுக்கு அரசியல் எங்கிருந்தோ வந்த நோய் மாதிரிப் பேசுகிறார்கள். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இராசேந்திரன் அந்த மாதம் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் மாநிலத்தின் ஆட்சியே மாறியது. 2013 மார்ச்சில் ஈழத்தமிழருக்காக மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது கல்லூரிகளைக் காலவரையின்றி மூடும்படி அரசு உத்தரவிட்டது. வாயிலை மூடினால் பேச்சு நின்றுவிடும் என்று ஒவ்வொரு ஆட்சியும் நினைக்கிறது.

பேச்சு நிற்காது, இடம் மாறும். சென்னையில் பஸ் வழித்தடம் வாரியாக மாணவர்களுக்குத் தலைவர்கள் முளைத்த கதை எல்லாருக்கும் தெரியும். பேரவைத் தேர்தல் உயிரோடு இருந்த கல்லூரியில் ஒரு பையன் தலைவனாக வேண்டுமென்றால் நூறு வகுப்புகளில் ஏறிப் பேச வேண்டும், பெண்களிடம் மரியாதையாக வாக்குக் கேட்க வேண்டும், தோற்றால் தோற்றேன் என்று சொல்லப் பழக வேண்டும். அந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டீர்கள். இப்போது பஸ் கூரையில் ஏறுகிறவன்தான் தலைவன். அரிவாள் வந்த பிறகு 'பார்த்தீர்களா, மாணவர்களுக்கு அரசியல் ஆகாது' என்கிறீர்கள்.

வாகைநிழல் கேட்ட மூன்று இடங்களில் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்கள் விடுதி. எத்தனையோ கல்லூரிகளில் ஆண்கள் விடுதியில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிரச்சாரம் சூடுபிடிக்கும். பெண்கள் விடுதியின் கதவு அதற்குள் பூட்டியாகிவிடும். வேட்பாளர் யார், என்ன சொன்னார் என்பது அவர்களுக்கு மறுநாள் செவிவழியாகத்தான் போய்ச் சேரும். போட்டியிடும் பெண்ணுக்கோ பாதி வாக்காளர்களைச் சந்திக்கும் நேரமே கிடைக்காது. நேரக் கட்டுப்பாடு எழுதும்போது பெண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை முதலில் பாருங்கள். எல்லாப் பிரச்சாரக் கூட்டமும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிய வேண்டும், அல்லது அந்த நாட்களில் கதவைத் தாமதமாக மூட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

வாகைநிழல்

நெய்தல் அம்மா, இது எங்கள் வரைவில் எந்த மூலையிலும் இல்லை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குழுவில் உள்ள மாணவியிடம் காட்டினேன். "இதை முதல் பிரிவாக வையுங்கள்" என்றார்.

கிள்ளான் வாசகர்

மலேசியாவிலிருந்து. எங்கள் அனுபவம் உங்களுக்கு உதவலாம்.

இங்கே 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் நீண்ட காலம் மாணவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. கட்சியில் சேர முடியாது. ஒரு கட்சிக்கு ஆதரவாகவோ எதிராகவோ கருத்துச் சொல்லவும் முடியாது. 2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே சென்றிருந்த தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பிரிவு அரசமைப்பு தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2012-இல் கட்சியில் சேர அனுமதி வந்தது. ஆனால் வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கை கூடாது என்ற தடை நீடித்தது. 2018 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அதையும் நீக்கியது.

நான் படித்தது தடை இருந்த காலத்தில். விரிவுரையாளர்கள் ஆளும் தரப்பைப் புகழ்ந்து பேசினால் அது 'தேசப்பற்று'. மாணவன் எதிர்த்துக் கேட்டால் 'அரசியல்'. ஆறாம் செமஸ்டர் எழுதியதைப் படித்தபோது இரண்டும் ஒரே நாடு என்று தோன்றியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். சட்டத்திலிருந்து தடை போன பிறகும் மண்டபம் யாருக்கு, அழைக்கப்பட்டவர் உள்ளே வரலாமா என்பதெல்லாம் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. சட்டம் மாறினாலும் விண்ணப்பம் போய்ச் சேரும் மேசை மாறவில்லை. உங்கள் குழு அந்த மேசையைப் பற்றி எழுதட்டும்.

பாலைமணி

நான் அந்த மேசைக்குப் பின்னால் உட்காருபவன். பதிவாளர் அலுவலகத்தில் பணி. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

அனுமதி தராமல் இழுப்பது பெரும்பாலும் சதி இல்லை, பயம். யாருக்கு அனுமதி கொடுத்தாலும் மறுநாள் இன்னொருவரிடமிருந்து தொலைபேசி வரும். 'இல்லை' என்று எழுத்தில் கொடுத்தால் வழக்கு வரும். 'ஆம்' என்று கொடுத்தால் விசாரணை வரும். பதில் சொல்லாமல் இருந்தால் எதுவும் வராது. அதனால் யாரும் பதில் சொல்வதில்லை. எழுத்தில் இருக்கும் தெளிவான விதி மாணவர்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவை. 'விதி 6-இன்படி அனுமதித்தேன்' என்று சொல்ல முடிந்தால் நான் இரவில் தூங்குவேன்.

சுவர் விஷயத்தில் மட்டும் கருணை காட்டாதீர்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2024 செப்டம்பர் 27 அன்று மாணவர் சங்கத் தேர்தல் நடந்தது. சுவர்களையும் பொது இடங்களையும் நாசமாக்கியதால், சுத்தம் செய்யும்வரை வாக்கு எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. முடிவு நவம்பர் 25 அன்றுதான் வந்தது. அடுத்த ஆண்டு வேட்பாளர்களிடம் ஒரு லட்சம் ரூபாய்க்கான பிணைப்பத்திரம் கேட்டார்கள். நம் ஊரிலும் அப்படி ஒன்று வந்தால்தான் அடங்குவார்கள்.

ஆறாம் செமஸ்டர்

பாலைமணி ஐயா, பயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. எங்களுக்கு அது தெரியாது. ஆனால் பிணைப்பத்திரத்தை ஏற்க மாட்டேன். செலவு வரம்பு 5,000 ரூபாய் என்று வைத்துவிட்டு ஒரு லட்சத்துக்குப் பிணை கேட்டால் யார் நிற்பார்கள்? பின்னால் பணக்காரரோ கட்சியோ இருப்பவன்தான். என் அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே நடுங்குவார்.

சட்டப்புள்ளி

மாணவர் சொல்வது சரி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மற்றவன் பெயரில் சுவரொட்டி ஒட்டி அவனை மாட்டிவிடுவது மிகச் சுலபம். பிணையைப் பறிக்கும் விதி அந்த வேலைக்குக் கூலி கொடுப்பது போலாகும்.

சுவருக்கு வேறு வழி இருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கையால் வரைந்த சுவரொட்டிகள் ஒரு மரபாகவே வளர்ந்தன. அங்கே தேர்தலை நடத்தும் ஆணையமும் மாணவர்களுடையது. தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் எல்லார் முன்னிலையிலும் விவாதிக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகமும் லிங்டோ விதிகளை மீறியதாகச் சொல்லி 2008-இல் உச்ச நீதிமன்றத்தால் தேர்தல் நிறுத்தப்பட்டு, 2012-இல்தான் மீண்டும் தேர்தலைக் கண்டது. அதனால் அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. எழுதுவதற்கென்று போதுமான இடத்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மற்ற சுவர்களைப் பூட்டுங்கள் என்கிறேன். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று தனிச் சுவர்களை ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லா அமைப்புக்கும் சம அளவு இடம். இடத்தைக் குலுக்கலில் ஒதுக்குங்கள். கேண்டீனுக்கு எதிரே உள்ள சுவர் யாருக்கு என்பதில்தான் சண்டை வரும்.

துண்டறிக்கைக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு ஒரு நல்ல முன்மாதிரி. தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். வளாகத்தில் வெளியிடும் அமைப்பின் பெயரும் பொறுப்பாளர் பெயரும் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களுக்கும் இதையே கேளுங்கள்.

மேலக்காவேரி

எல்லாவற்றையும் படித்தேன். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைப் படித்தபோது கோபம் வந்தது. என் மகளை அப்படி ஏற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அடிதடி வெளியாட்களால்தான் வருகிறது. மாணவர்கள் பேசட்டும், எழுதட்டும், கைதட்டட்டும். அடையாள அட்டை இல்லாத ஒருவர் எதற்காக உள்ளே வர வேண்டும்? இதற்கு நேரான பதில் வேண்டும்.

வாகைநிழல்

நேரான பதில் சொல்ல முயல்கிறேன், ஐயா. பேரவைத் தேர்தலில் வெளியாள் ஒருவரும் இல்லை. லிங்டோ விதி அதில் தெளிவு, நானும் உடன்படுகிறேன். பொதுத் தேர்தலில் வேட்பாளர் வந்து பேச மாணவர் அமைப்பு ஒன்று அழைத்தால் அனுமதிக்கலாம். எல்லாமே இவற்றுக்கு உட்பட்டு: அரங்கத்துக்குள் மட்டும், வகுப்பு நேரத்துக்கு வெளியே, வருபவர்களின் பெயர்ப் பட்டியல் இரண்டு நாள் முன்பே வாயிலுக்குப் போக வேண்டும், அழைத்தவரே பொறுப்பு, கேள்வி நேரம் கட்டாயம். ஊர்வலமும் கட்சிக்கொடி கட்டிய வாகனமும் வாயிலைத் தாண்டக் கூடாது. ஓர் அமைப்புக்கு அரங்கம் கொடுத்தால் அதே நிபந்தனையில் கேட்கும் மற்றவருக்கும் கொடுத்தாக வேண்டும்.

ஆசிரியர்கள் பற்றி என்னிடம் கடுமையான கருத்து இருக்கிறது. அரசுக் கல்லூரி ஆசிரியர்களை 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஏற்கெனவே கட்டுப்படுத்துகின்றன. பல்கலைக்கழக ஆசிரியரான எனக்கு வளாகத்துக்கு வெளியே குடிமகனாக எல்லா உரிமையும் வேண்டும். ஆனால் அகமதிப்பீட்டு மதிப்பெண் என் கையில் இருக்கும்வரை, என் மாணவரிடம் நான் வாக்குக் கேட்பது வேண்டுகோளாக இருக்காது. துறை வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்தி போடுவது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, வருகைப் பதிவை அதற்காகப் பயன்படுத்துவது மூன்றும் குற்றம் என்று எழுதப் போகிறேன். துணைவேந்தருக்கும் அதே பிரிவுதான்.

சட்டப்புள்ளி

அனுமதிப் பிரிவை இப்படி எழுதலாம்: "விண்ணப்பத்துக்கு மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்படும். மறுத்தால் எந்த விதியின்படி என்று குறிப்பிடப்படும். பதில் வராவிட்டால் அனுமதி வழங்கியதாகக் கொள்ளப்படும்." கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாலைமணி

அந்தக் கடைசி வாக்கியம் இருந்தால் நாங்கள் மூன்றாம் நாளே பதில் எழுதிவிடுவோம். அலுவலகத்தைப் பற்றித் தெரிந்து சொல்கிறேன்.

நெய்தல்

குறைதீர்க்கும் குழு? விதியை எழுதியவரே விசாரணையும் செய்தால் எல்லாம் வீண்.

வாகைநிழல்

லிங்டோ பரிந்துரையில் உள்ள அமைப்பைத்தான் பின்பற்றப் போகிறேன், அம்மா: மாணவர் நலப் புலத்தலைவர், ஒரு மூத்த ஆசிரியர், ஒரு மூத்த நிர்வாக அதிகாரி, இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர். விதி வரைவுக் குழுவில் இருக்கும் யாரும் இதில் வர முடியாது என்பதை நானே சேர்த்திருக்கிறேன். பொதுத் தேர்தல் கால மீறல்களுக்கு மூன்று நாளில் முடிவு தர வேண்டும். வாக்குப்பதிவு முடிந்த பிறகு வரும் தீர்ப்பால் யாருக்கும் பயனில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டம். முதல் பிரிவு பெண்கள் விடுதி நேரம், இரண்டாவது மூன்று நாள் கெடு, மூன்றாவது ஆசிரியர்கள். பழைய முதல் வரியை அடித்துவிட்டேன். ஆறாம் செமஸ்டர், நீங்கள் அனுப்பிய விவாத அனுமதிக் கடிதத்தின் மாதிரியைப் பெயர்களை நீக்கி எனக்கு அனுப்ப முடியுமா? விண்ணப்பப் படிவத்தை அதைக் கொண்டே தயாரிக்க விரும்புகிறேன்.

ஆறாம் செமஸ்டர்

இன்று இரவே அனுப்புகிறேன், ஐயா.